பூரணி தியேட்டரில் கவுண்டர் எங்கே?

இந்த ஒரு விஷயத்திலாவது தான் சொன்னபடிதான் நடக்கவேண்டும் என்று லெட்சுமணன் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தார். வாயில் பிரஷ் இருந்ததால் முடிவை உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. குசினியில் புஷ்பவதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் கையில் துருவலை இருக்கிற நேரத்தில் எந்தப் பிரகடனமும் செய்வதில்லை என்பது அவருடைய முப்பது வருட மணவாழ்க்கையின் ஒழுங்கு.

விஷயம் இதுதான்: பூரணி தியேட்டரின் டிக்கெட் கவுண்டரை எங்கே வைப்பது?

மாத்தளை டவுனைத் தாண்டி, பல்லேபொலப் பக்கம் போகிற பஸ் திரும்புகிற வளைவில் இருக்கிறது பூரணி தியேட்டர். புஷ்பவதியின் அப்பா கட்டியது. பூரணி என்பது அவளுடைய அம்மாவின் பெயர். காணி உறுதிப் பத்திரம் அவள் பேரில். லெட்சுமணன் அதன் முதலாளி. அதாவது, எல்லோரும் அவரை ‘முதலாளி’ என்று கூப்பிடுவார்கள்; எதையாவது கேட்க வேண்டியிருந்தால் புஷ்பவதியிடம் போய்க் கேட்பார்கள். அவள் முன் ஹாலில் கேண்டீன் நடத்தினாள். அவர் கேட் ஓரத்தில், ரோட்டைப் பார்த்த தகரக் கூண்டுக்குள் டிக்கெட் கொடுத்தார். கவுண்டரில் உட்கார்ந்திருந்தது அவர். கவுண்டர் கொடுப்பது எப்போதும் அவள்.

அந்தக் கூண்டு இப்போது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, ரெண்டரை ஷோ தொடங்கிக் கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். காற்றும் மழையும் ஒன்றாகக் கிளம்பி வந்தன. கேட் ஓரத்து மாமரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து, கூண்டின் நடு உச்சியில் விழுந்து, அதை அப்பளம் மாதிரி ஆக்கிவிட்டது. டிக்கெட் கொடுக்கிறவருக்கே டிக்கெட் கிழிந்திருக்க வேண்டியது. கிழியவில்லை. ஏனென்றால் லெட்சுமணன் அப்போது கூண்டுக்குள் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், புஹாரி நானாவின் தேத்தண்ணிக் கடையில் இருந்தார். முன்னால் மூன்று கரண்டி சீனி போட்ட ப்ளேன்டி. கையில் சீனி பணிஸ், மேலே சீனி தூவிய பன்.

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கிளினிக்கில் சொன்ன அன்றே புஷ்பவதி வீட்டுச் சீனி டின்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அன்றிலிருந்துதான் அவருக்குப் புஹாரி நானாவின் அருமை தெரிந்தது. கூண்டிலிருந்து கடைக்குப் பன்னிரண்டு எட்டு. முன் ஹாலில் கேண்டீனில் நிற்கிற புஷ்பவதிக்குக் கூண்டின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். உள்ளே ஆள் இருக்கிறாரா, ஆளுடைய சட்டை மட்டும் கதிரையில் தொங்குகிறதா என்று தெரியாது.

சத்தத்தை இடி என்று நினைத்து, கொஞ்சம் பிந்தித்தான் லெட்சுமணன் பணிஸோடு வெளியே ஓடிவந்தார். வந்தவர் ரோட்டு நடுவில் நின்றுவிட்டார்.

கொட்டுகிற மழையில் புஷ்பவதி தகரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வெறுங்கையால். சீலை முழுக்கச் சேறு. “ஏங்க… ஏங்க…” என்று தகரத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தகரம் பதில் சொல்லவில்லை. அவள் இன்னும் பலமாக இழுத்தாள்.

அவர் பின்னால் போய், “என்ன புஷ்பம்?” என்றார்.

அவள் திரும்பினாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நனைந்த கையால் அவர் நெஞ்சில் ஒரு அடி போட்டாள். அப்புறம் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கங்க போனீங்க?”

“கக்கூசுக்கு.”

கையிலிருந்த பணிஸை அந்த விநாடிதான் வாய்க்குள் தள்ளியிருந்தார். அதனால் பதில் கொஞ்சம் தடித்து வந்தது.

சீனி உங்களைக் கொன்றுவிடும் என்று கிளினிக் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சீனிதான் அவரைக் காப்பாற்றியது. எவ்வளவு அருமையான வாதம்! உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் இதைச் சொல்லவேண்டும். அவளிடம் மட்டும் சொல்ல முடியாது.

மறுநாள் அன்ஸார் பாஸ் வந்தார். மேசன் வேலை, தச்சு வேலை இரண்டும் தெரிந்தவர்; அதனால்தான் ஊரில் ‘பாஸ்’. டேப்பை நீட்டிக்கொண்டு, “முதலாளி, புதுக் கவுண்டர எங்க வைக்கிறது?” என்று கேட்டார். லெட்சுமணனுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வீட்டில் இதுவரை ‘எங்க வச்சீங்க?’ என்றுதான் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். ‘எங்க வைக்கிறது?’ என்று யாரும் கேட்டதில்லை. “யோசிச்சுச் சொல்றேன் பாஸ்” என்றார். அந்தக் கேள்வியை உடனே முடித்துவிட மனம் வரவில்லை. அன்ஸார் பாஸ் தினமும் வந்து கேட்டார். அவரும் தினமும் யோசித்தார்.

உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. பழைய இடம்தான். கேட் ஓரம், ரோட்டைப் பார்த்து, புஹாரி நானா கடைக்கு நேராக. ஆனால் அப்படிச் சொன்னால் நடக்காது. ஏனென்றால் முப்பது வருடமாக அவர் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிரானதுதான் நடந்திருக்கிறது. சுவருக்கு நீலம் என்றார், ரோஸ் வந்தது. மகளை நேர்ஸ் ஆக்குவோம் என்றார். அவள் டீச்சராகிக் கண்டியில் இருக்கிறாள். நாய் வேண்டாம் என்றார், நாய் வந்தது.

பிரஷ்ஷை எடுத்து வாய் கொப்பளிக்கும்போதுதான் லெட்சுமணனுக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. நேர் எதிர்தானே நடக்கும்? அப்படியானால் நேர் எதிரைச் சொல்லிவிட்டால்?

துருவலை கழுவி வைக்கப்படும்வரை காத்திருந்தார். ரொட்டியும் சம்பலும் வந்தன.

“புஷ்பம்.”

“ம்.”

“கவுண்டர் விஷயமா ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.”

“சொல்லுங்க.”

“உள்ளதான் வைக்கணும்.”

“உள்ளயா?”

“ஆமா. முன் ஹால்ல. தூணுக்கும் கதவுக்கும் நடுவுல. ஒன் கேண்டீனுக்குப் பக்கத்துலயே. அங்கதான் எடம் சும்மா கெடக்கு.” சொல்லும்போதே அவருக்குக் கசந்தது. ஆனாலும் மருந்து கசந்தால்தானே வேலை செய்யும் என்று துணிந்துவிட்டார். “நீ என்ன சொன்னாலும் சரி. இதுல நான் மாற மாட்டேன்.”

புஷ்பவதி அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

“சரிங்க.”

“என்னது?”

“சரின்னேன்.”

“எதுக்கு சரி?”

“நீங்க சொன்னதுக்கு.”

லெட்சுமணன் ஒரு நிமிடம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று சுவரைப் பார்த்தார். ரோஸ் நிறம்தான். சொந்த வீடுதான்.

“இல்ல புஷ்பம், அவசரப்படாத. நல்லா யோசி. ஆளுங்க சேத்துக் காலோட உள்ள வருவாங்க.”

“தொடைச்சா போச்சு.”

“கேண்டீனுக்கு முன்னுக்கு நெரிசலாகும்.”

“வடை விக்கும்.”

“வெளிய கியூ நின்னாத்தான் பஸ்ல போறவன் பாப்பான். ஓகோ, நல்ல படம் போலன்னு எறங்குவான்.”

“அந்தக் கியூவுலதான் போன மாசம் பஸ் கண்ணாடி ஒரு பொம்பளையோட கொடையைப் புடுங்கிட்டுப் போச்சு. பாவம், அடுத்த பஸ் ஹோல்ட் வரைக்கும் பின்னாலயே ஓடினா.”

“கொடைதானே?”

“அடுத்தவாட்டி கையா இருக்கும். மழைன்னாலும் ரோட்டுல நிக்கிறாங்க, ரெண்டரை ஷோவுக்கு வெயில் நேரா மொகத்துல அடிச்சாலும் ரோட்டுல நிக்கிறாங்க. பச்சப் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு. உள்ள வைக்கணும்னு நீங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. ரொம்ப நல்லா யோசிச்சிருக்கீங்க.”

லெட்சுமணன் ரொட்டியைத் தட்டில் வைத்தார். தனக்கு எதிராகத் தானே பேசி, அதில் ஜெயித்தும்போன முதல் மனுஷன் மாத்தளை மாவட்டத்தில் தானாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு நேராகப் புஹாரி நானாவிடம் போனார்.

புஹாரி நானா பொறுமைசாலி. யார் எதைச் சொன்னாலும் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்பார். அன்றும் கேட்டார்.

“இப்ப நான் என்ன செய்யணும் முதலாளி?”

“நீங்க போய் புஷ்பத்துக்கிட்ட பேசுங்க நானா. கவுண்டர் வெளிய இருந்தாத்தான் எல்லாருக்கும் நல்லதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா.”

“நான் சொன்னா என் வீட்டு நாற்காலி கூட கேக்காதே.”

“ஒங்க யாவாரமும் இருக்குல்ல? கியூவுல நிக்கிறவன்தானே ஒங்க கடைக்கு வாறான்?”

அது நானாவுக்கு உறைத்தது. மீன் வைத்த மாலு பணிஸ் நாலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ரோட்டைக் கடந்து போனார். லெட்சுமணன் கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சீனிப் போத்தல் பக்கத்திலேயே இருந்தது. வெற்றி வரட்டும், அப்புறம் தொடலாம் என்று கட்டுப்பாட்டோடு இருந்தார்.

ஒரு மணித்தியாலம் கழித்து நானா திரும்பி வந்தார். கையில் பணிஸ் இல்லை. முகத்தில் ஏதோ இருந்தது.

“சொன்னீங்களா நானா?”

“சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள தங்கச்சி உக்காருங்க நானான்னாங்க. வடை குடுத்தாங்க. நம்ம வீட்டுக்காரி ஸரீனாவோட ரோல்ஸ் ரொம்ப நல்லா இருக்கும், கேண்டீன்ல வச்சு வித்தா என்னன்னு கேட்டாங்க. இடைவேளைக்குத் தேத்தண்ணியும் நம்ம கடையிலருந்துதானாம். ஆளுங்க எல்லாம் முன் ஹாலுக்குள்ளேயே நிப்பாங்களாம், மழைக்குக் கலையமாட்டாங்களாம்.”

“அப்ப நீங்க?”

“அல்லாட கிருபைன்னு சொல்லிட்டேன்.”

“நானா!”

“வீட்டுல சொல்லிட்டுத்தான் வாறேன். ஸரீனாவுக்கு என்னா சந்தோஷம் தெரியுமா? இப்பவே மா பெசையத் தொடங்கிட்டா.” நானா கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணு. நான் ஒங்களுக்கு நல்லது செய்யிறதா நெனச்சு ஒண்ணச் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னீங்க?”

“மரம் விழுந்த நேரம் நல்ல வேளையா முதலாளி எங்கட கடையில இருந்தாரு, அதான் உசுரு தப்பிச்சுதுன்னு.”

லெட்சுமணன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“அதுக்கு அவ என்ன சொன்னா?”

“வடைத் தட்ட இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளுனாங்க. அப்பறம், எத்தினி கரண்டி சீனின்னு கேட்டாங்க.”

“நீங்க?”

“பொய் சொல்லலாமா முதலாளி? வெள்ளிக்கிழமை வேற.”

அன்று மத்தியானம் வரை லெட்சுமணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. தியேட்டருக்குள் இருட்டில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலி வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பசிதான் அவரை எழுப்பியது.

தியேட்டருக்குப் பின்னால்தான் வீடு. புஷ்பவதி முற்றத்தில் பாய் விரித்து, கராம்பிலிருந்து காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நாய் அவள் சீலை நுனியில் படுத்திருந்தது. அவர் பாயின் மறுபக்கம் உட்கார்ந்தார். தானும் ஒரு கொத்தை எடுத்தார். நாலு கராம்பு கிள்ளினார். நாலிலும் மொட்டு உடைந்தது.

“நானா வந்தாரா?”

“வந்தாரு.”

“என்ன சொன்னாரு?”

“நீங்க சொல்லச் சொன்னத சொல்லல. சொல்லக்கூடாதத சொன்னாரு.”

இன்னொரு மொட்டு உடைந்தது.

“திட்டிடு புஷ்பம். இப்பிடிப் பேசாம இருக்காத.”

“எதுக்குத் திட்டணும்?”

“கக்கூசுன்னு பொய் சொன்னேன்ல.”

“மீசை பூரா சீனி ஒட்டியிருந்திச்சு. கக்கூசுல யாருங்க சீனி வைப்பாங்க?”

லெட்சுமணன் தன்னையறியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

“அப்ப அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் கேக்கல?”

அவள் கை நின்றது. உள்ளங்கையில், தகரம் கீறிய இடத்தில், பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஐந்து நாளாக அது அங்கே இருந்திருக்கிறது. அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

“நீங்க தகரத்துக்குக் கீழ கெடக்குறீங்கன்னு நெனச்சேன். எம்புட்டு இழுத்தாலும் வரல. கூப்புடுறேன், சத்தமே இல்ல. அப்ப பின்னாலருந்து ‘என்ன புஷ்பம்’னு ஒரு கொரல். திரும்பிப் பாத்தா நீங்க. மீசையில சீனி.” அவள் நிறுத்தி, மூக்கை முந்தானையால் துடைத்தாள். “அந்த நேரம் அந்தச் சீனியக் கும்புடலாமான்னு இருந்திச்சு. அதுக்கப்பறம் எப்பிடிங்க திட்டுறது?”

லெட்சுமணன் கையிலிருந்த கராம்பைப் பாயில் போட்டார். எட்டி, பிளாஸ்டர் ஒட்டிய கையைப் பிடித்தார். முற்றத்தில், பட்டப்பகலில். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

“கவுண்டர பழைய எடத்துலயே வைங்க” என்றாள் புஷ்பவதி. “ரோட்டோரமா. ஒங்களுக்கு அந்த எடம்தான் புடிக்கும்னு எனக்குத் தெரியாதா? நானாகிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம், போற வர்ற பஸ்ஸப் பாக்கலாம். நீங்க சந்தோஷமா இருங்க.”

“புஷ்பம்…”

“உள்ளருந்து ஒங்களப் பாக்க முடியாது, அவ்வளவுதான். காத்தடிச்சா நெஞ்சு கொஞ்சம் அடிச்சுக்கும். போகப் போகப் பழகிடும்.”

லெட்சுமணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“முடியாது.”

“ஏங்க?”

“கவுண்டர் உள்ளதான்.”

“வேணாங்க, எனக்காக நீங்க…”

“பேசாத. ஒன் பக்கத்துலதான் வைக்கிறேன். தூணுக்கும் கதவுக்கும் நடுவுல. நீ வடையப் பாக்குறப்போ என்னையும் பாக்கணும். நான் முடிவு பண்ணிட்டேன்.”

“நீங்க முடிவு பண்ணிட்டா அப்பறம் நான் என்ன சொல்றது?” என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து பாயிலிருந்த தூசியை ஊதத் தொடங்கினாள். அதனால் அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அந்த மத்தியானம் அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வீட்டுக்குத் தலைவனாக இருப்பதில் எவ்வளவு பசி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் போய் நின்றார். அன்ஸார் பாஸ் டேப்போடு வந்து வழக்கமான கேள்வியைக் கேட்பார்; தான் கம்பீரமாகக் கையை நீட்டி, ‘உள்ளே’ என்று ஒரே சொல் சொல்லவேண்டும் என்று மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்ஸார் பாஸ் டேப்போடு வரவில்லை. சின்ன லொறியில் வந்தார். லொறியின் பின்னால் பழைய சாக்கு சுற்றிய உயரமான சாமான் ஒன்று இருந்தது. இரண்டு பேர் அதை இறக்கி, முன் ஹாலுக்குள் கொண்டுபோய், சாக்கை உரித்தார்கள்.

முழுக் கவுண்டர். பலாப் பலகை மஞ்சளாக மின்னியது. கண்ணாடி போட்டு, யாரும் குனியத் தேவையில்லாத உயரத்தில் ஜன்னல். டிக்கெட் புத்தகம் வைக்க லாச்சி. உள்ளே நீளப் பெஞ்சு, இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். தூணுக்கும் கதவுக்கும் நடுவில் தள்ளி வைத்தார்கள். ஒரு விரல் இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தது.

“பாஸ்” என்றார் லெட்சுமணன். “நான் நேத்துப் பகல்தானே முடிவு பண்ணேன்?”

“அப்படியா முதலாளி? பாலிஷ் காயவே ரெண்டு நாள் எடுத்துச்சே.”

“யாரு அளவு குடுத்தா?”

“அக்காதான். மரம் விழுந்த அன்னைக்குப் பின்னேரமே ஆள் அனுப்பிக் கூப்புட்டாங்க. கையில சீலத்துண்டக் கட்டிக்கிட்டு நின்னாங்க. இங்கருந்து இங்க வரைக்கும்னு காட்டுனாங்க.”

“அப்ப தெனம் வந்து, எங்க வைக்கிறது முதலாளின்னு என்கிட்ட கேட்டீங்களே?”

அன்ஸார் பாஸ் ஒரு மூலையை உளியால் தட்டிச் சரிசெய்தார்.

“அதுவும் அக்கா சொன்னதுதான் முதலாளி. அவரக் கேக்காம செஞ்சா மனசு நோகும், தெனம் ஒருக்கா போய்க் கேளுங்கன்னாங்க.”

லெட்சுமணனுக்குக் கோபம் வரவேண்டும். வருகிறதா என்று நின்று பார்த்தார். வருகிற மாதிரி இருந்து வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது. கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தார். புஷ்பவதி எப்போதோ வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஓரமாகத் தள்ளி, அவருக்கு இடம் விட்டிருந்தாள்.

“வாங்க. உக்காந்து பாருங்க, வசதியா இருக்கான்னு.”

அவர் உட்கார்ந்தார். வசதியாகத்தான் இருந்தது. கண்ணாடி வழியாக மழையில்லாத, வெயில் படாத முன் ஹால் தெரிந்தது. பக்கத்தில் கேண்டீனிலிருந்து ஸரீனாவின் ரோல்ஸ் வாசம் வந்தது. புஷ்பவதியின் தோள் தன் தோளில் படுகிற அளவுக்குத்தான் பெஞ்சில் இடம். அதையும் அவள்தான் அளந்திருப்பாள்.

“புஷ்பம், உண்மையச் சொல்லு. நான் என்ன சொல்லியிருந்தாலும் கவுண்டர் இங்கதானே வந்திருக்கும்?”

“சேச்சே, என்னங்க இப்பிடிக் கேக்குறீங்க?” என்று புஷ்பவதி டிக்கெட் புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். “நீங்க சொல்லித்தான் இங்க வச்சோம். ஊர் பூரா அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன்.”